தம்பதியர் சலுகை

அக்டோபர் 5, ஞாயிறு

காலை 7.10க்குக் கோத்தகிரி ஓட்டலிலிருந்து மின்னஞ்சல். 'அன்பான தண்டபாணி – குமுதினி தம்பதியரே, உங்கள் கனவு விடுமுறைக்கு இன்னும் 22 நாட்களே!'

போன நவம்பரில் பதிவு செய்தது. ஐப்பசி மழையில் மலைக்கு யாரும் போவதில்லை என்பதால் ஓட்டல்காரர்கள் விலையைச் சாய்ப்பார்கள். ஓராண்டு முன்னதாகப் பணம் கட்டினால் இன்னும் சாய்ப்பார்கள். தம்பதியராக இருந்தால் தரையிலேயே கிடத்திவிடுவார்கள். இரவுக்கு 5,200 ரூபாய் அறை 1,950க்குக் கிடைத்தது. மூன்று இரவு, காலைச் சிற்றுண்டி உட்பட. பணம் திரும்ப வராது, தேதி மாற்ற முடியாது, பெயர் மாற்ற முடியாது.

அப்போது கணக்கில் வராத ஒரு விஷயம், ஜூன் மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட பரஸ்பர சம்மத விவாகரத்து மனு. இரண்டாம் விசாரணை டிசம்பர் 8. அன்று இருவரும் நீதிபதி முன் நின்று 'சம்மதம்' என்றால் பதினாறு வருடம் முடிந்தது. ஒருவர் மாற்றிச் சொன்னாலும் முடியாது. எனக்கு மாற்றிச் சொல்லும் உத்தேசம் எதுவும் இல்லை. ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

மனுவில் நாங்கள் தனித்தனியாக வாழ்வதாக எழுதியிருக்கிறது. அவள் கிழக்கு அறை, நான் மேற்கு அறை. வீட்டுக் கடன் முழுதும் அடைத்த பிறகு ஒருவர் வெளியே போய் வாடகை கொடுப்பது வீண்.

குமுதினி சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோத்தகிரி ரூம் இருக்கு" என்றேன்.

"எந்தக் கோத்தகிரி?"

"போன வருஷம் போட்டது. 5,850. திரும்ப வராது."

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"தம்பதிக்குத்தான் அந்த ரேட்டு. தனியாப் போனா மிச்சத்தைக் கட்டணும்."

"அப்ப நாம இப்ப என்னவாம்?"

"டிசம்பர் எட்டு வரைக்கும் தம்பதிதான். சட்டப்படி."

அடுத்த இரண்டு காய்களை நார் உரிக்காமலேயே நறுக்கினாள். பிறகு, "சரி, லேப்ல லீவு சொல்றேன்" என்றாள்.

பணத்தின் அருமை தெரிந்தவள். அதனால்தான் சம்மதித்தாள்.

அக்டோபர் 8, புதன்

வக்கீல் பிரமிளாவுக்குப் போன் செய்து தெரிவித்தேன். 

"சார், டைவர்ஸ் கேட்டுட்டு ஹனிமூன் போறீங்களா?"

"ரீஃபண்ட் கிடையாதுங்க மேடம்."

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் நான் கேட்டதில்ல. போங்க. ஆனா ஜட்ஜ் முன்னாடி இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. சேர்ந்து வாழலைன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல கீட்டஸ்ல போட்டுடாதீங்க."

என்னிடம் ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் இல்லை. பொய் சொல்லும் பழக்கமும் இல்லை. அதிகாரிகள் ஊர் சுற்றிவிட்டு வந்து நீட்டும் பயண பில்களைத் தணிக்கை செய்வது என் உத்தியோகம். பதினெட்டு வருடமாக, போகாத ஊருக்குப் பில் போட்டவர்களைப் பிடித்து வருகிறேன். போன ஊரை மறைப்பவர்களை இதுவரை பார்த்ததில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. இலைகள் அவற்றின் சௌகரியப்படி உதிர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையைப் பழைய இலக்கணக்காரர்கள் கூதிர் என்றார்கள். பிரிந்தவர்கள் துன்பப்படுவதற்கு ஏற்ற பருவம் என்று ஒதுக்கியும் கொடுத்தார்கள். ஓட்டல்காரர்கள் அதையே ஆஃப் சீசன் என்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் ரயில், ஸ்லீப்பர், போக வர உறுதியாகிவிட்டது. அங்கிருந்து பஸ். கார் வைத்தால் ஆகும் செலவில் ஆறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை குமுதினியிடம் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். கணக்கைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். சலூன் கூப்பன் இந்த மாதத்தோடு காலாவதி ஆகிறது.

தி. நகரில் ஸ்வெட்டர். இரண்டு எடுத்தால் இரண்டாவது பாதி விலை. இரண்டாவது பெண்கள் அளவில்தான் இருந்தது. மயில் நீலம். வேறு நிறங்களும் இருந்தன.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவரவர் அறையில் டி.வி. பார்த்தோம். ஒரே நிகழ்ச்சி.

அக்டோபர் 24, வெள்ளி

பெட்டியை மூன்றாவது முறை அடுக்கினேன். வெளியே எடுத்தேன். ஆதார், டிக்கெட், ஓட்டல் ரசீது, வக்கீல் கொடுத்த மனு நகல், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டேன். காகிதங்களை வீட்டில் விட்டுப் போவது எனக்கு ஒத்துவராது.

அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. கோத்தகிரி வானிலையை நாளுக்கு ஒன்பது முறை பார்க்கிறேன். ஒன்பது முறையும் மழை.

அக்டோபர் 27, திங்கள். கோத்தகிரி

பஸ் ஏறும்போதே தூறல். கொண்டை ஊசி வளைவுகளில் குமுதினி என் பக்கம் சாய்ந்தாள். அது வளைவுகளின் வேலை.

ஓட்டல் முகப்பில் மேனேஜர் போஜன் இருந்தார். ஐம்பது வயது, குல்லாய், மப்ளர், அளவுக்கு மீறிய மரியாதை. ஆதார்களை வாங்கிப் பார்த்தார்.

"மேடம் கார்டுல அப்பா பேருதானுங்க இருக்குது. தம்பதி ஆஃபருக்கு மேரேஜ் சர்டிபிகேட் வேணுமுங்க."

"எதுக்கு?"

"போன வருசம் பூராவும் ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து வந்துட்டு புருசன் பொஞ்சாதின்னுட்டாங்க சார். ஆடிட்ல புடிச்சுட்டாங்க."

ஆடிட் என்ற சொல் வந்த பிறகு என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் திருமணச் சான்றிதழ் நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் முழுக் கட்டணம். மூன்று இரவுக்கு வித்தியாசம் 9,750.

"உறையில ஒரு பேப்பர் இருக்கே. அதைக் காட்டுங்க" என்றாள் குமுதினி.

"எது?"

"அதான்."

மனு நகலை எடுத்துக் கொடுத்தேன். போஜன் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "முதலாம் மனுதாரருக்கும் இரண்டாம் மனுதாரருக்கும் இந்து முறைப்படி உற்றார் உறவினர் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது... ஆச்சு சார், இதே போதும்." இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். குரல் இறங்கியது. பிறகு நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். இந்த மூன்றில் மழையோடு பேசுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கோர்ட்டு சீல் இருக்குது. கல்யாணம் ஆனதுக்கு இதுக்கு மேல அத்தாட்சி ஏதுங்க?" என்றார். "ஆனா..."

"டிசம்பர் வரைக்கும் செல்லும்ங்க" என்றாள் குமுதினி.

அவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அறையில் ஒரே கட்டில். மேலே ரோஜா இதழ்கள், துவாலையில் மடித்த இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டி நின்றன. குமுதினி ஒரு அன்னத்தைப் பிரித்துத் தலை துவட்டினாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். "அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் பார்த்ததாகச் சொன்னேன்.

ஸ்வெட்டரைக் கொடுத்தேன். பாதி விலை விவரத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஆனால் போட்டுக்கொண்டாள்.

கட்டிலின் நடுவில் ஒரு தலையணை வைத்திருக்கிறோம். மனுவுக்குப் பங்கமில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கொடநாடு காட்சிமுனை. பஸ்ஸில் போய், மிச்ச தூரம் நடந்தோம். கம்பி வேலிக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது. வேலிக்கு இப்பாலும் அப்படித்தான். எங்களைத் தவிர ஒரு டீக்கடைக்காரர்.

"இந்த மாசம் ஒண்ணும் தெரியாதுங்க. சனவரியில வாங்க, கீழ ஆறு வரைக்கும் தெரியும்" என்றார்.

குமுதினி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்தபடி பேசினாள்.

"கல்யாணம் ஆனதும் மார்ச்ல குற்றாலம் கூட்டிட்டுப் போனீங்க. பாறையை நல்லாப் பார்த்தோம்."

"கூட்டம் இல்லையே."

"தண்ணியே இல்ல, கூட்டம் எங்கேர்ந்து வரும்? ஜூன்ல டெல்லி. வெயிலுக்குப் பயந்து ஒரு நாள் முழுக்க மெட்ரோல உட்கார்ந்திருந்தோம். ஃப்ளவர் ஷோ முடிஞ்ச மறு வாரம் ஊட்டி. தொட்டியை எல்லாம் லாரில ஏத்திட்டிருந்தாங்க. நீங்க என்னை லாரி பக்கத்துல நிக்கவெச்சு போட்டோ எடுத்தீங்க."

"எல்லாமே பாதி விலை, குமுது."

"எனக்கு நாப்பத்திரண்டு ஆச்சு. இன்னும் எதையும் சீசன்ல பார்க்கல." டம்ளரைக் கீழே வைத்தாள். "குழந்தைக்கும் அதையேதானே சொன்னீங்க? லோன் முடியட்டும்னு. முடிஞ்சுது. அதுக்கப்புறம் டாக்டர் என்ன சொன்னாங்க?"

டீ பதினைந்து ரூபாய். இரண்டு டீ, முப்பது. மலை உச்சியில் இந்த விலை நியாயமே.

அக்டோபர் 29, புதன்

விடாத மழை. மேட்டுப்பாளையம் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். நாள் முழுக்க அறையிலும் முகப்பிலுமாக நடந்தேன். வாசலுக்கு எத்தனை முறை போனேன் என்று போஜன் எண்ணியிருக்கிறார். "பதினாலாவது தடவைங்க சார். மழையை நீங்க பார்த்துக்கிட்டே இருந்தாலும் பார்க்காம இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் பெய்யும்" என்றார்.

பிற்பகல் குமுதினி ஓட்டலின் கேரம் பலகையைக் கண்டுபிடித்தாள். பவுடர் இல்லை. அவளுடைய டால்கம் பவுடரைத் தூவினாள். ஐந்து ஆட்டம். ஐந்திலும் தோற்றேன். கடைசி ஆட்டத்தில் சிவப்பைப் போட்டுவிட்டு, கல்லூரியில் தான் சாம்பியன் என்றாள். பதினாறு வருடத்தில் இது எனக்குத் தெரியாது. வீட்டில் பலகை வாங்கியதில்லை.

பிற்பகல் பரவாயில்லை. அதாவது, நேரம் போனது தெரியவில்லை. மின்சாரம் இருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

விவரமாக எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பஸ் இன்னும் ஓடவில்லை. மாற்றுப் பாதையில் ஒரு ஜீப் மட்டும் மேட்டுப்பாளையம் இறங்குகிறது என்றார் போஜன். தலைக்கு நானூறு. இன்று இரவு ரயில். டிக்கெட் உறுதியானது, விட்டால் போச்சு.

குமுதினி பெட்டி அடுக்கவில்லை. நீல ஸ்வெட்டரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கலாம். நாளைக்கு இல்லாட்டி நாளன்னைக்கு மூட்டம் விலகிடும்னு போஜன் சொல்றாரு."

"போஜன் ஓட்டல்காரர். வேற என்ன சொல்வாரு? இனிமே முழு ரேட்டு. ஐயாயிரத்து இருநூறு. சலுகை மூணு நாளோட முடிஞ்சுது."

"நான் கட்டறேன்."

"அது இல்ல விஷயம்."

"வேற என்ன விஷயம்?"

நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல. இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சரியான வாக்கியமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜீப்காரர் ஹாரன் அடித்தார்.

"நீங்க போங்க. டிக்கெட் வீணாகிடும்" என்றாள்.

அவளுடைய டிக்கெட்டை ஜீப்பிலிருந்தே ரத்து செய்தேன். நாற்பத்தைந்து ரூபாய் திரும்ப வந்தது.

அக்டோபர் 31, வெள்ளி. சென்னை

வீட்டுக்கு வந்து கிழக்கு அறையின் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடவில்லை. அதன் பிறகும் பார்த்தேன்.

கோத்தகிரி: காலை 11 மணியிலிருந்து வெயில் என்று போட்டிருக்கிறது. இந்தச் செயலிகளை நம்ப முடியாது.

நவம்பர் 1, சனி

கோத்தகிரி: வெயில்.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில். இரண்டு பேருக்குச் சோறு வைத்துவிட்டேன். சிறிய குக்கர் கைக்கு எட்டவில்லை.

பிற்பகல் ஓட்டலுக்குப் போன் செய்தேன். அறை எண் சொல்லி இணைப்புக் கேட்க நினைத்தேன். போஜன் எடுத்து, "சார்! மேடம் வெளிய போயிருக்காங்க. எங்க பொண்ணு, பேரன் எல்லாரோடயும் கேரம் ஆடித் தோக்கடிச்சுட்டாங்க. ஏதாச்சும் சொல்லணுமுங்களா?" என்றார்.

மீதி நாட்களுக்கு ரசீதில் வரி விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வந்துவிட்டாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, நன்றாக இருந்தது. எனக்கு ஒரு பொட்டலம் நீலகிரி வர்க்கி பிஸ்கட்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை காலைல திறந்துச்சு. நீங்க ரயில்லேர்ந்து இறங்கியிருப்பீங்க. முதல்ல ஒரு மலை. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. கீழ ஆறு தெரிஞ்சுது. அந்த டீக்கடைக்காரரே வெளிய வந்து நின்னு பார்த்தாரு." கைகளை விரித்துக் காட்டினாள். கைகள் அப்படியே சற்று நேரம் நின்றன. பிறகு துணிகளைத் துவைக்கப் போட்டாள்.

எவ்வளவு ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இருபதாயிரத்து எண்ணூறு ஆகியிருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

வேளச்சேரியில் ஒரு வீட்டு மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள்.

"முப்பதாம் தேதி சாமான் எடுத்துக்கறேன்" என்றாள்.

"முப்பதா? மாசக் கடைசில எல்லாரும் வீடு மாத்துவாங்க. வண்டிக்காரன் டபுள் கேப்பான். நடுவுல, வார நாள்ல வெச்சுக்கோ. பாதிதான் ஆகும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலும் விழுந்தது.

குமுதினி வெகு நேரம் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. லேபில் ரத்த அறிக்கையைப் பார்க்கிறபோது அவளுக்கு அந்த முகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"சரிங்க. பத்தொன்பது, புதன்கிழமை" என்றாள்.

நவம்பர் 19, புதன்

வண்டி 2,800. முப்பதாம் தேதி என்றால் 5,500 கேட்டிருப்பான். பதினோரு நாள் முன்னதாகப் போய்விட்டாள்.

நவம்பர் 26, புதன்

கேரம் பலகை விலை விசாரித்தேன். பொங்கலுக்குத் தள்ளுபடி வருமாம். காத்திருக்காமல் வாங்கிவிட்டேன். ஒருவர் ஆட இரண்டு பக்கமும் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

குடும்ப நல நீதிமன்றம். பத்தரைக்கு வரச் சொன்னார்கள், ஒன்றே காலுக்கு அழைத்தார்கள். நடைபாதையில் பெஞ்சு இருந்தது. நான் உட்காரவில்லை. குமுதினி காட்டன் புடவையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் குழந்தைக்குச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்" என்றார் வக்கீல் பிரமிளா.

நீதிபதி ஓர் அம்மையார். மனுவைப் புரட்டிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

"மனு போட்டதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தீங்களா?"

"இல்லைங்க அம்மா" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"வாழ்ந்தோம்" என்றேன். "அக்டோபர் 27லேர்ந்து 30 வரைக்கும். கோத்தகிரில. பில் இருக்கு."

கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் உறையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினேன். குமாஸ்தா வாங்கி மேலே கொடுத்தார். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். 'தம்பதியர் சலுகை' என்று பெரிய எழுத்தில் இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"இப்ப சம்மதம் இல்லைங்கறீங்களா?"

"தகவல் விட்டுப்போகக் கூடாதுன்னு சொன்னேன்மா."

இதைவிட நல்ல பதில் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அடுக்க வரவில்லை.

நீதிபதி குமுதினி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. சேர்ந்து இருந்தீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அவர் மூணு நாள் இருந்தாரும்மா. நான் ஏழு நாள் இருந்தேன். சேர்ந்து இல்ல."

அந்த வாக்கியத்தில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அது என் தொழில். இல்லை.

ரசீது என் கைக்குத் திரும்பி வந்தது. நீதிபதி முதலில் அவளைக் கேட்டார், பிறகு என்னைக் கேட்டார். சம்மதம் என்று ஒரு குரல் சொன்னது. என்னுடையதுதான்.

வெளியே வந்ததும் வக்கீலின் குமாஸ்தா இரண்டு விண்ணப்பங்களை நீட்டினார். தீர்ப்பு நகல் அவசரம் என்று போட்டால் நான்கு நாளில் வந்துவிடும், கூடுதல் கட்டணம். சாதாரணம் என்றால் மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

"சார் எப்படியும் சாதாரணம்தானே?" என்று சிரித்தார் வக்கீல்.

"சாதாரணம்" என்றேன். கட்டணம் எவ்வளவு குறைவு என்று கேட்கவில்லை.

பக்கத்தில் குமுதினி கைப்பையைத் திறந்து, அவசரத்துக்குப் பணம் கட்டினாள்.